சந்தை ஆடும்போது: வாசகர்களின் பங்குக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே பயத்தில் எழுதியவை. விற்கவா, வைத்திருக்கவா? இரண்டு விவரம் இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பணம் உங்களுக்கு எப்போது வேண்டும்? விழுந்தது பங்கின் விலை மட்டுமா, கம்பெனியேவா? கீழே உள்ள பதில்களில் வரும் வரித் தொகைகள் 2026 பிப்ரவரியில் முடிந்த தென்னாப்பிரிக்க வரி ஆண்டுக்கு உரியவை. அடுத்தடுத்த பட்ஜெட்டில் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகி, சாட்ஸ்வர்த்: 180,000 ரேண்ட் போட்டேன். இப்போது 142,000தான் காட்டுகிறது. எல்லாவற்றையும் விற்று பேங்கில் போட்டுவிடலாமா? மகள் ஜனவரியில் யுனிவர்சிட்டி போகிறாள்.

கடைசியில் எழுதியதை முதலில் எழுதியிருக்க வேண்டும், அம்மா. ஜனவரியில் கட்ட வேண்டிய பணம் பங்கில் இருக்கவே கூடாது. பதிவுக் கட்டணம், முதல் வருட ஃபீஸ், தங்குமிடம், புத்தகம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு மட்டும் இப்போதே விற்றுவிடுங்கள், நஷ்டமானாலும் சரி. விற்ற பணம் மூன்று வேலை நாள் கழித்துத்தான் கைக்கு வரும். திங்கள் விற்றால் வியாழன். அதனால் ஃபீஸ் கட்டும் வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

மீதிப் பணம் ஐந்து வருடத்துக்குத் தேவையில்லை என்றால் கதை வேறு. 2020 மார்ச்சில் ஜொஹான்னஸ்பர்க் சந்தையின் ஆல் ஷேர் குறியீடு, வருடத் தொடக்கத்தில் இருந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. அதே வருடம் டிசம்பர் முடியும்போது தொடங்கிய இடத்துக்கு மேலே நின்றது. மார்ச்சில் பயந்து விற்றவர்களில் பலர், விலை ஏறிய பிறகுதான் திரும்பி வந்தார்கள். ஆனால் குறியீடு மீண்டது என்பதற்காக அதில் இருந்த ஒவ்வொரு கம்பெனியும் மீண்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே உங்களிடம் உள்ள ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாகப் பாருங்கள். கம்பெனிகள் சந்தைக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சென்ஸ் என்ற சந்தையின் செய்திச் சேவையில் சொல்லியாக வேண்டும். காசு கொடுக்காமலே படிக்கலாம். லாபம் போன வருடத்தைவிட 20 சதவீதமோ அதற்கு மேலோ மாறும் என்று தெரிந்தால், முடிவுகள் வருமுன்பே கம்பெனி முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது சந்தையின் விதி. அதைத் தேடுங்கள். பிறகு ஆண்டறிக்கையில் லாபக் கணக்கை விட்டுவிட்டு, ரொக்க வரவு செலவு பக்கத்தைத் திறங்கள். லாபம் வருடா வருடம் ஏறுகிறது, கையில் வரும் ரொக்கம் ஏறவில்லை, கடன் மட்டும் வளர்கிறது என்றால், விலை விழாத நாளிலும் அதை விற்க யோசிக்க வேண்டும். கடன் கட்டுக்குள் இருக்கிறது, ரொக்கம் வருகிறது, எல்லாப் பங்கும் விழுவதால் இதுவும் விழுந்தது என்றால் விட்டுவிடுங்கள்.

பேங்க் வட்டிக்கும் வரி உண்டு. 65 வயதுக்கு உட்பட்டவருக்கு வருடம் 23,800 ரேண்ட் வரையும், அதற்கு மேற்பட்டவருக்கு 34,500 வரையும்தான் விலக்கு.

வாசகர், டொங்காட்: அப்பா வாங்கி வைத்த டொங்காட் ஹியூலெட் சர்க்கரைக் கம்பெனிப் பங்குகள் இருக்கின்றன. விற்கவும் முடியவில்லை. வரியில் நஷ்டமாகவாவது காட்டலாமா?

கரும்புத் தோட்டத்தில் தாத்தா வெட்டிய கரும்புக்கு வேண்டியே இந்தப் பங்கை வாங்கிய குடும்பங்கள் வட கடற்கரையில் உண்டு. அதனால்தான் இது வலிக்கிறது. 2019இல் கணக்கில் கோளாறு வெளியே வந்தது. முடியாத நில விற்பனையை முடிந்ததாகக் காட்டியதும், வயலில் நிற்கும் கரும்பின் மதிப்பைக் கூட்டியதும் அதில் அடக்கம். 2022 ஜூலையில் பங்கு வர்த்தகம் மறுபடி நிறுத்தப்பட்டது, அக்டோபரில் கம்பெனி மீட்பு நடவடிக்கைக்குள் போனது. மேலே சொன்ன ‘லாபம் உண்டு, ரொக்கம் இல்லை’ என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் வேண்டாம்.

விலை பூஜ்யம் என்பதற்காக வரித்துறையான சார்ஸ் அதை நஷ்டமாக ஏற்காது. பங்கு கைமாறினால்தான் நஷ்டம். ஒரு விதிவிலக்கு உண்டு. கம்பெனி கலைக்கப்படும்போது, பங்குதாரருக்கு இனி ஒன்றும் வராது என்று கலைப்பாளர் எழுத்தில் அறிவித்தால், அந்த அறிவிப்பு நாளில் நீங்கள் பங்கைக் கொடுத்துவிட்டதாகவே கணக்கு. அந்த வருட ரிட்டர்னில் நஷ்டத்தைக் காட்டலாம். அதுவரை அப்பா வாங்கிய விலைக்கு ஆதாரமான பழைய காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அப்பா காலமாகி உங்களுக்கு வந்த பங்கு என்றால், உங்கள் கொள்முதல் விலை அவர் இறந்த நாளின் சந்தை மதிப்பு.

வாசகர், ஃபீனிக்ஸ்: 50 ரேண்டில் வாங்கி, விலை 45க்கு விழுந்தால் விற்கும்படி ஸ்டாப் லாஸ் வைத்தேன். 38க்கு விற்றுவிட்டார்கள். தரகர் ஏமாற்றிவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. 45 என்பது நீங்கள் கேட்ட விலை இல்லை, மணி அடிக்கும் இடம். விலை அதைத் தொட்டதும் உங்கள் ஆர்டர் சாதாரண மார்க்கெட் ஆர்டராக மாறி, அப்போது யார் வாங்க நிற்கிறாரோ அவர் தரும் விலைக்குப் போகும். ராத்திரி கெட்ட செய்தி வந்து, காலை ஒன்பது மணிக்குச் சந்தை 38இல் திறந்தால், 45இல் வாங்க ஆளே இல்லை.

ஃபர்னிச்சர் கம்பெனி ஸ்டைன்ஹாஃப் விஷயத்தில் நடந்தது இதுதான். 2017 டிசம்பர் 5 மாலை கணக்கு முறைகேடு பற்றிய அறிவிப்பு வந்தது. அன்று 45 ரேண்டுக்கு மேல் முடிந்த பங்கு, மறுநாள் 18க்குக் கீழே முடிந்தது. 40இல் ஸ்டாப் வைத்தவருக்கு 40 கிடைக்கவில்லை.

ஸ்டாப் லிமிட் ஆர்டர் என்று ஒன்று உண்டு. 45ஐத் தொட்டால் விற்கலாம், ஆனால் 43க்குக் கீழே வேண்டாம் என்று சொல்வது. அதன் குறை, விலை 43ஐத் தாண்டிக் கீழே குதித்தால் பங்கு உங்கள் தலையிலேயே நிற்கும். இரண்டில் எதை ஏற்பீர்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள். விலை சட்டென்று அதிகம் நகர்ந்தால் சந்தையே அந்தப் பங்கின் தொடர் வர்த்தகத்தை நிறுத்தி ஐந்து நிமிட ஏலத்துக்கு மாற்றும். அந்த நேரம் திரையில் விலை உறைந்து நிற்பதைப் பார்த்து ‘ஆப் ஹேங் ஆகிவிட்டது’ என்று மறுபடி மறுபடி ஆர்டர் அழுத்துபவர்கள் உண்டு. ஏலம் முடிந்ததும் எல்லா ஆர்டரும் சேர்ந்து போகும்.

இன்னொன்று: நம் சந்தையில் விலை சென்ட்டில். 45 ரேண்ட் என்றால் 4500. தரகரின் திரை எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்: எரிபொருள் கம்பெனியான சாசோலில் 400 ரேண்ட் விலையில் 100 பங்கு வாங்கினேன். விழ விழ வாங்கி சராசரியைக் குறைக்கலாம் என்கிறான் மச்சான்.

மச்சான் சொல்வது கணக்குக்குச் சரி. 400இல் 100 பங்கு, பிறகு 200இல் 100 பங்கு. சராசரி 300. ஆனால் போட்ட பணம் 40,000இலிருந்து 60,000 ஆகிவிட்டது, அதுவும் ஒரே பங்கில். 200இலிருந்து 50 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் கைக்கு வரும்.

இந்தப் பங்கின் சரித்திரத்தையே பாருங்கள். 2019இன் தொடக்கத்தில் 400க்கு மேல். அமெரிக்காவில் லூசியானாவில் கட்டிய ஆலையின் செலவு மதிப்பீட்டைத் தாண்டிக் கடன் ஏறியது. அதோடு 2020 மார்ச்சில் எண்ணெய் விலை நொறுங்க, பங்கு 30க்கும் கீழே தொட்டது. அங்கே வாங்கியவர் 2022இல் 350க்கு மேல் பார்த்தார். 2022இல் வாங்கியவர் 2025 ஏப்ரலில் 100க்கும் கீழே பார்த்தார். சராசரி பண்ணுவது நல்லதா என்ற கேள்விக்கு இதே பங்கு இரண்டு பதிலும் தருகிறது.

எங்கள் அளவுகோல் கறாரானது. ஒரு தனிப் பங்கில் மொத்த முதலீட்டின் 5 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். முதலில் வாங்கும்போதே பாதிப் பணத்தை மட்டும் போட்டு, மீதிப் பாதியை எந்த நிபந்தனையில் போடுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நிபந்தனை ‘விலை குறைந்தால்’ என்று இருக்கக் கூடாது. ‘அடுத்த அறிக்கையில் கடன் குறைந்திருந்தால்’ என்று இருக்கட்டும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் தரகுக் கூலியோடு 0.25 சதவீதம் பங்கு மாற்று வரியும் போகும். 20,000 ரேண்டுக்கு 50 ரேண்ட்.

வாசகி, லெனேசியா: ரேண்ட் விழுந்தால் சந்தையும் விழ வேண்டாமா? சில நாள் ஏறுகிறதே.

பெரிய கம்பெனிகளில் பல வெளிநாட்டில் சம்பாதிக்கின்றன. ரிஷ்மோண்ட், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, நாஸ்பெர்ஸ், புரோசஸ் போன்றவை. அவற்றின் வருமானம் டாலரிலும் யூரோவிலும் வருவதால், ரேண்ட் விழும்போது ரேண்ட் கணக்கில் மதிப்பு கூடும். வங்கிகளும் துணிக்கடைகளும் அப்படியில்லை. 2015 டிசம்பர் 9 அன்று நிதியமைச்சர் நெனேயைத் திடீரென்று நீக்கியபோது ரேண்ட் சரிந்தது, அடுத்த இரண்டு நாளில் வங்கிப் பங்குகள் அதைவிட மோசமாகச் சரிந்தன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் பட்டியலில் டாப் 40 இடிஎஃப் (சந்தையின் பெரிய 40 கம்பெனிகளை மொத்தமாக வைத்திருக்கும் நிதி), நாஸ்பெர்ஸ், புரோசஸ் மூன்றும் இருக்கின்றன. மூன்று பெயர் என்றாலும் பெருமளவு ஒரே பந்தயம். நாஸ்பெர்ஸின் சொத்து புரோசஸ், புரோசஸின் பெரிய சொத்து சீனாவின் இணையக் கம்பெனி டென்சென்ட், இடிஎஃப்புக்குள்ளும் நாஸ்பெர்ஸும் புரோசஸும் இருக்கின்றன. சீன அரசு டென்சென்ட் மீது கை வைத்தால் மூன்றும் சேர்ந்து ஆடும். ஒன்றைக் குறையுங்கள்.

வாசகர், வெருலம்: நஷ்டத்தில் இருப்பதைப் பிப்ரவரிக்குள் விற்று, மறுநாளே திரும்ப வாங்கி வரியை மிச்சம் பிடிக்கலாமா?

முடியாது. விற்ற நாளுக்கு 45 நாள் முன்போ பின்போ அதே பங்கை வாங்கினால் அந்த நஷ்டத்தைச் சார்ஸ் கணக்கில் எடுக்காது. புதிதாக வாங்கியதன் கொள்முதல் விலையில் சேர்த்துவிடும்.

அதைவிட முக்கியமானது, பலர் தவறவிடுவது: வருடாந்தர 40,000 ரேண்ட் விலக்கு லாபத்துக்கு மட்டுமல்ல, நஷ்டத்துக்கும் பொருந்தும். வருடத்தில் மொத்தமாக 25,000 நஷ்டம் என்றால் விலக்கு அதை விழுங்கிவிடும், அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போக ஒன்றும் மிஞ்சாது. வேறு பங்கில் 40,000க்கு மேல் லாபம் பார்த்த வருடத்தில்தான் இந்த அளவு நஷ்டத்தை வரிக்காக விற்பதற்கு அர்த்தம். 70,000 லாபம் என்றால் விலக்கு போக 30,000. அதில் 40 சதவீதம், 12,000, உங்கள் வருமானத்தோடு சேரும். 31 சதவீத வரம்பில் இருப்பவருக்கு வரி 3,720 ரேண்ட். இதற்குப் பயந்து கெட்ட பங்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

வாசகி, மெரீபேங்க்: காலமான கணவரின் அலமாரியில் 1999இன் ஓல்ட் மியூச்சுவல் பங்குச் சான்றிதழ் கிடைத்தது. சந்தை மோசமாக இருக்கிறதே, இப்போது விற்கலாமா?

சந்தையைப் பற்றிக் கவலைப்படும் இடத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை, அம்மா. காகிதச் சான்றிதழை அப்படியே விற்க முடியாது. முதலில் மின்னணுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன், கணவர் பெயரில் உள்ளதால், இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தின் கடிதம் வேண்டும். சொத்து மொத்தம் 250,000 ரேண்டுக்குள் என்றால் எளிய அதிகாரக் கடிதம் போதும், அதற்கு மேல் என்றால் நிறைவேற்றாளர் நியமனக் கடிதம். அதோடு இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, மூன்று மாதத்துக்குள்ளான விலாச ஆதாரம். எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு தரகரிடம் கணக்குத் திறந்து, மூலச் சான்றிதழைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சிக்கல் வருவது பெயரில். சான்றிதழில் ‘பில்லே’ என்றும் அடையாள அட்டையில் ‘பிள்ளை’ என்றும் எழுத்து வேறுபட்டால் இருவரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். நம் குடும்பங்களில் அண்ணன் ஒரு எழுத்து, தம்பி ஒரு எழுத்து என்று இருப்பதால் இது அடிக்கடி நடக்கும். முதலிலேயே போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியின் பங்குதாரர் பதிவேட்டை வைத்திருக்கும் பங்கு மாற்றுச் செயலாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வாங்காமல் கிடக்கும் டிவிடெண்ட் எவ்வளவு? 2018இல் கம்பெனி பிரிந்தபோது சேர்ந்த குவில்டர், நெட்பேங்க் பங்குகள் எங்கே? சான்றிதழில் இருப்பதைவிடக் கூடுதலாக உங்களுக்குச் சேர வேண்டியிருக்கலாம்.

வாசகர், ஸ்டாங்கர்: டிவிடெண்டுக்காக ஒரு நாள் மட்டும் வாங்கி விற்கலாமா? வாட்ஸ்அப் குரூப்பில் மாதம் 10 சதவீதம் உறுதி என்றும் சொல்கிறார்கள்.

முதலாவது: சாதாரண வாரத்தில் டிவிடெண்டோடு வாங்கச் செவ்வாய் கடைசி நாள், புதன் முதல் டிவிடெண்ட் இல்லாத விலை. புதன் காலை விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவு குறைந்தே திறக்கும். உங்களுக்கோ 20 சதவீத வரி பிடித்துத்தான் டிவிடெண்ட் வரும், கூலியும் இரண்டு முறை. நஷ்டத்துக்கு உழைக்கிறீர்கள்.

இரண்டாவது: அவர்களிடம் எஃப்எஸ்பி (நிதிச் சேவை வழங்குநர்) உரிம எண் கேளுங்கள். நிதித்துறை நடத்தை ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, கம்பெனியின் பெயரும் அனுமதித்த சேவையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். எண் கேட்டதும் உங்களைக் குரூப்பிலிருந்து நீக்கினால், கட்டணம் இல்லாமல் பதில் கிடைத்துவிட்டது.