எழுத வராதவனுக்கு வாய்த்த தேவதை

எழுத வராமல் திணறும் எழுத்தாளனுக்கு ஒரு தேவதை கைகொடுப்பதாக அமைந்த நகைச்சுவைப் படம் உண்டா, எழுதுகிறவர்களுக்கும் அது பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் தமிழ்த்தினப் போட்டிகளுக்கு நாடகம் எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், 1999இல் வெளியான 'த மியூஸ்' என்ற ஹொலிவூட் படத்தைத் தயங்காமல் சொல்வேன். அல்பேர்ட் புரூக்ஸ், மொனிக்கா ஜோன்சனுடன் சேர்ந்து எழுதி, தாமே இயக்கி நடித்த படம் அது.

பெயர்பெற்ற திரைக்கதை ஆசிரியர் ஒருவரிடம், எழுத்தில் இருந்த கூர்மை போய்விட்டது என்று ஸ்ரூடியோ அதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். மனமுடைந்தவர், நண்பரின் சொற்கேட்டு, கிரேக்கத் தெய்வமான சியூசின் ஒன்பது கலைமகளிருள் ஒருத்தி என்று கருதப்படும் சேராவிடம் போகிறார். ஷரன் ஸ்ரோன் நடித்த இந்தச் சேரா ஒரு வரிகூட எழுதிக் கொடுப்பதில்லை. விலையுயர்ந்த பரிசு, ஆடம்பர ஹோட்டல் அறை, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பாடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எழுத்தாளரோ எழுதும் வேலையை விட்டு அவளுக்கு எடுபிடி வேலை பார்க்கிறார்.

நம்மவர் கதையில், திருவானைக்காவில் அம்பிகையின் தாம்பூலம் வாயில் விழுந்த மாத்திரத்திலே மடைப்பள்ளிப் பரிசாரகர் கவி காளமேகமாகிவிடுகிறார். அதற்கு அவர் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அருளுக்கு முன்கூட்டியே கட்டணம் வாங்கும் தெய்வத்தைக் கண்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் அவள் செய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: அவரை மேசையிலிருந்து கிளப்பி மீன்காட்சியகத்துக்கு அனுப்புகிறாள், அங்கேதான் கதைக்கான பொறி கிடைக்கிறது. காட்சி அமையாமல் முட்டுப்பட்டு, தாளை மூடிவைத்துவிட்டு இரணைமடுக் குளக்கட்டில் நடந்து திரிந்தவர்களுக்கு அந்த இடம் நன்றாகவே விளங்கும்.

குறையும் உண்டு. அவர் எழுதி முடிக்கும் கதை, படத்தில் எல்லோரும் புகழும் அளவுக்கு எனக்குப் படவில்லை. (ஒருவேளை அதுவும் ஹொலிவூட்டைக் குத்தும் பகிடியாக இருக்கலாம்.) மார்ட்டின் ஸ்கொர்செசி, ஜேம்ஸ் கமரூன் போன்ற இயக்குநர்கள் தாங்களாகவே தோன்றி அவளைத் தேடி வரும் காட்சிகளும், அவர்களை அறியாதவர்களுக்குச் சப்பென்றிருக்கும். மாறாக, சேராவின் தூண்டுதலால் எழுத்தாளரின் மனைவி பிஸ்கட் வியாபாரம் தொடங்கிக் கணவனை முந்தும் பகுதி எவருக்கும் பிடிக்கும்.

அவள் மெய்யாகவே தேவதைதானா என்பதற்குக் கடைசியில் விடை வருகிறது. ஆகவே படத்தைப் பார்க்கும் வரை கதைச்சுருக்கம் எதையும் வாசித்துவிடாதீர்கள்.