அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய் அறுவை முடிந்துவிட்டது. அடுத்து கதிரியக்க அயோடின் குடிக்கச் சொல்கிறார்கள். அது என்ன மருந்து, வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்தா?

நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியன். இந்த மருந்தை அளந்து கொடுப்பது என் வேலை. உங்கள் அம்மாவுக்குக் கொடுக்கப்போவது சோடியம் அயோடைடு. உப்பு மாதிரி ஒரு சாதாரணச் சேர்மம்தான். அதில் இருக்கும் அயோடின் மட்டும் வேறு வகை, அயோடின்-131. இந்தியாவில் ட்ராம்பே அணு உலையில் டெல்லூரியத்தை நியூட்ரான்களால் தாக்கி இதைத் தயாரிக்கிறார்கள்.

தைராய்டு செல்கள் ரத்தத்தில் வரும் அயோடினை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரண அயோடினா, கதிர் வீசும் அயோடினா என்று அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. அறுவையில் கைக்கு எட்டாமல் தங்கிய செல்களும், வேறு இடத்துக்குப் பரவிய செல்களில் பெரும்பாலானவையும் இப்படித்தான் மருந்தைத் தாமாகவே வாங்கிக்கொள்கின்றன. உள்ளே போனதும் அது வீசும் பீட்டா துகள்கள் திசுவில் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் வரைதான் போகும். அதனால் அடி அந்த செல்லுக்கும் அதை ஒட்டியிருப்பவற்றுக்கும்தான். கூடவே காமா கதிரும் வருகிறது. அது உடம்பைத் தாண்டி வெளியே வரும். மருந்து எங்கெங்கே சேர்ந்திருக்கிறது என்று பிறகு ஸ்கேனில் பார்ப்பது அதை வைத்துத்தான். உங்களைத் தள்ளி இருக்கச் சொல்வதற்கும் அதுவே காரணம்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சாப்பாட்டு உப்பைப் பற்றி. 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மருந்தில் இருக்கும் கதிரியக்க அயோடின் ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை. நாம் ஒரு நாளைக்குச் சாப்பிட வேண்டிய அயோடினே 150 மைக்ரோகிராம். செல்கள் ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்தால் மருந்தைச் சீண்டவே மாட்டா. அதனால்தான் ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே அயோடின் உப்பு, மீன், கருவாடு, இறால், பால், முட்டை மஞ்சள் கரு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். வீட்டு உப்பை மாற்றிவிட்டு ஊறுகாய், அப்பளம், கடை பிஸ்கட்டை மறந்துவிடுவார்கள், அதையும் பாருங்கள். சமீபத்தில் கான்ட்ராஸ்ட் ஊசி (ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போட்டு சி.டி. எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அதில் அயோடின் ஏராளம். தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். நிறுத்தினால் அம்மா சோர்ந்து, குளிர் தாங்காமல் இருப்பார். பயப்பட வேண்டாம், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறினால்தான் செல்கள் மருந்தை நன்றாக இழுக்கும்.

கொடுக்கும் விதம் எளிது. சில இடங்களில் கேப்ஸ்யூல். திரவமாக இருந்தால், ஈயக் குடுவைக்குள் ஒரு சின்ன சீசா, அதில் ஸ்ட்ரா. உறிஞ்சிக் குடித்ததும் சீசாவில் தண்ணீர் ஊற்றி, ஒட்டியிருப்பதையும் குடிக்கச் சொல்வோம். வலி எதுவும் இல்லை. எச்சில் சுரப்பிகளும் கொஞ்சம் அயோடினை இழுப்பதால் காதுக்குக் கீழே வீங்கலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

30 மில்லிகியூரிக்கு மேல் என்றால் தனி அறையில் வைப்பார்கள். தைராய்டு எடுத்தாகிவிட்டதால் மருந்தின் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரோடு போய்விடும். மிச்சத்துக்கு அரை ஆயுள் 8 நாள். அதாவது 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கடைசியில் செனான் என்ற வாயுவாக மாறி, கதிரியக்கமே இல்லாமல் போகும்.

ஆகவே அம்மாவைத் தீண்டத்தகாதவர் போல நடத்தாதீர்கள். அப்படி நடத்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. வாசலில் நின்று பேசலாம், அவர் தொட்ட பொருளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் கண்டிப்பாக இருங்கள். குழந்தையின் தைராய்டு கதிருக்கு எளிதில் பாதிக்கப்படும். ஆஸ்பத்திரியில் சொல்லும் நாள் வரை தனிப் படுக்கை, தனித் தட்டு, கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர்.

இது நேற்று வந்த வைத்தியமும் அல்ல. பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் 1941-லேயே தைராய்டு மிகைச் சுரப்புக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்துவிட்டார். இன்றும் அந்த நோய்க்கு, இதைவிடக் குறைந்த அளவில் கொடுக்கிறோம்.

அப்புறம், சில வாரத்துக்குள் விமானப் பயணம் இருந்தால், சிகிச்சை பெற்றதற்கான சான்றிதழை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்குக்கூட விமான நிலையத்துக் கதிர்வீச்சுக் கருவி சத்தம் போடக்கூடும்.