மோவாய் முடிக்கு லேசர் சரி, கன்னத்துப் பூனைமுடிக்கு?

கேள்வி: எனக்கு வயது 31. மாநிறத்தைவிடச் சற்றுக் கறுப்பு. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பிசிஓஎஸ்) உண்டு. மோவாயில் முரட்டு முடி, கன்னங்களில் பூனைமுடி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் சுருள்முடி. வாக்சிங் செய்தால் முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து கட்டி கட்டியாக வருகிறது. ஓரிடத்தில் டயோடு லேசர் என்கிறார்கள், இன்னோரிடத்தில் அலெக்சாண்ட்ரைட், மூன்றாவது இடத்தில் ஐபிஎல். எதைத் தேர்ந்தெடுப்பது? என் அம்மாவுக்கு மோவாயில் நரைமுடிகள் இருக்கின்றன. அவருக்கும் சேர்த்துச் செய்துகொள்ளலாமா?

பதில்: அந்த மூன்று இடங்களிலும் உங்கள் முடியைப் பார்த்துச் சொன்னார்களா, தங்களிடம் இருக்கும் கருவியைப் பார்த்துச் சொன்னார்களா என்ற ஐயம் எனக்கு எழுகிறது. ஏனென்றால் நீங்கள் விவரித்திருப்பது ஒரே உடலில் உள்ள மூன்று வகை முடிகளை. அவை மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது.

லேசர் ஒளி தேடிப் போவது முடியில் உள்ள மெலனின் என்ற கருநிறமியை. அந்த நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூடு முடிவேரைச் சுடுகிறது. ஆனால் அதே மெலனின் உங்கள் மேல்தோலிலும் இருப்பதால், வேருக்குப் போகவேண்டிய ஒளியில் ஒரு பங்கைத் தோல் வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. ஆகவே நம் நிறத்தவர் லேசரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது தோலின் நிறம், அதன் பிறகுதான் முடியின் தடிமன். தோலை வெளுப்பிலிருந்து கருமை வரை 6 வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் தமிழர்கள் பெரும்பாலும் 4 அல்லது 5-ஆம் வகையில் வருவார்கள். உங்கள் விவரிப்பு 5 என்று தோன்றுகிறது.

755 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அலெக்சாண்ட்ரைட்டை மெலனின் மிக நன்றாக உறிஞ்சும். வெளுத்த தோலில் இது வரம், உங்கள் தோலில் இதுவே ஆபத்து. 800 அல்லது 810 நானோமீட்டரில் இயங்கும் டயோடு நடுத்தரம். ஒளித்துடிப்பை, அதாவது ஒரு முறை ஒளி பாயும் நேரத்தை, நீட்டி, தோலை நன்றாகக் குளிர்வித்து, நம் நிறத்துக்குப் பழகிய கை இயக்கினால் அது போதுமானது. 1064 நானோமீட்டரில் இயங்கும் என்டி-யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால், ஒளி மேல்தோலை அதிகம் சீண்டாமல் ஆழத்துக்கு இறங்குகிறது. கறுத்த தோலுக்கு மிகப் பாதுகாப்பானது இதுதான். வலி மட்டும் கூடுதல். ஐபிஎல் லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. உங்கள் நிறத்தில் அதை முகத்தில் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

இனி முடிக்கு வருவோம். அடிகனமான இரும்புத் தோசைக்கல் அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் சூடாக இருக்க, மெல்லிய தட்டு உடனே ஆறிவிடுவதைப்போல, தடித்த முடி வாங்கிய சூட்டைப் பல மில்லிசெகண்ட் வைத்திருக்கும், மெல்லிய முடி கணத்தில் இழந்துவிடும். ஆகவே தடித்த முடிக்கு 20, 30 மில்லிசெகண்ட் நீளமான துடிப்பைக் கொடுக்கலாம். அந்த நேரத்தில் மேல்தோல் தன் சூட்டை வெளியேற்றிக்கொள்ளும், வேர் மட்டும் வெந்துபோகும். பூனைமுடியைச் சுட வேண்டுமானால் 3 மில்லிசெகண்ட் போன்ற குறுகிய துடிப்பு வேண்டும். அதுவோ கறுத்த தோலையும் சேர்த்துச் சுட்டுவிடக்கூடிய துடிப்பு. இந்த முடிச்சைத்தான் உங்கள் கன்னத்தில் எந்தக் கருவியாலும் திருப்தியாக அவிழ்க்க முடிவதில்லை.

கன்னத்துக்கு லேசர் வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. கன்னம், தாடையோரம், கழுத்து ஆகிய இடங்களில் உள்ள மெல்லிய முடியின் மேல் லேசர் பட்டபின், அது உதிர்வதற்குப் பதிலாக முன்னைவிடத் தடித்துக் கறுத்து வளர்வது சிலருக்கு நேர்கிறது. தெற்காசியப் பெண்களிடமும் நீர்க்கட்டி உள்ளவர்களிடமும் இது அறியப்பட்ட பக்கவிளைவு. எனவே கன்னத்தை விட்டுவிடுங்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு எளிய சோதனை: ஷேவ் செய்த மறுநாள் விரலால் தடவும்போது குத்தும் முடி லேசருக்கு உரியது, சன்னலோரத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரிவது லேசருக்கு உரியதன்று.

மோவாய், அக்குள், தொடையிடுக்கு மூன்றுக்கும் என் பரிந்துரை என்டி-யாக். அது கிடைக்காவிட்டால் குளிர்விக்கும் முனை உள்ள டயோடு. முடி சுருண்டிருப்பதால் அலைநீளத்தை மாற்ற வேண்டியதில்லை. வெட்டிய பிறகோ பிடுங்கிய பிறகோ மீண்டும் வளரும் சுருள்முடியின் கூர்முனை வளைந்து தோலைக் குத்துவதால்தான் அந்தக் கட்டிகள் வருகின்றன. முடி குறையும்போது கட்டிகளும் குறையும்.

முதலில் மறைவான ஓரிடத்தில் சில துடிப்புகள் மட்டும் போட்டுச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் கொசுக்கடி போலச் சிறு தடிப்பு எழுந்தால் அளவு சரி. தோல் வெளிறினாலோ சாம்பல் நிறமானாலோ உடனே நிறுத்த வேண்டும். சிகிச்சைக்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பிருந்தே திரெட்டிங், வாக்சிங், பிடுங்குதல் எதுவும் கூடாது, ஏனெனில் வேரே இல்லாவிட்டால் லேசருக்கு வேலையில்லை. முந்தைய நாள் ஷேவ் செய்துகொண்டு போகலாம். முகத்துக்கு 4 முதல் 6 வாரம், உடலுக்கு 6 முதல் 8 வாரம் இடைவெளியில், ஆறு முதல் எட்டு அமர்வுகள் பொதுவாகத் தேவைப்படும்.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்கு அனுமதித்த சொல் ‘நிரந்தரக் குறைப்பு’ என்பதுதான்; ‘இனி வளரவே வளராது’ என்று யாராவது உறுதி கொடுத்தால் எச்சரிக்கையாக இருங்கள். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஹார்மோன் புதிய முடிகளைத் தூண்டிக்கொண்டே இருக்கும் என்பதால், மகப்பேறு மருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ அதற்கான சிகிச்சையும் கூடவே நடக்க வேண்டும். இல்லாவிட்டால் மோவாய்க்குச் செலவழிக்கும் பணம் வீண்.

உங்கள் அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டாம். நரைத்த முடியில் மெலனின் இல்லை, ஆகவே எந்த லேசருக்கும் அது கண்ணில் படாது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் நுண்ணூசியைச் செலுத்தி மின்சாரத்தால் வேரை அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் மட்டுமே நரைமுடிக்கு நிலையான வழி. நாலைந்து முடிகள்தாம் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரெட்டிங் செய்துகொள்வதே அவருக்குப் போதும்.