கேரத் எட்வர்ட்ஸை எதை வைத்து அளப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேல்ஸ் ரக்பியில் கேரத் எட்வர்ட்ஸுக்கு இணை யாருமில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேல்ஸுக்காக 53 ஆட்டங்களில் அவர் வைத்தது 20 ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அமுக்குவது). ஷேன் வில்லியம்ஸோ 87 ஆட்டங்களில் 58. கணக்கு இடிக்கிறதே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஷேனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2008இல் உலகின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். ஆனால் அவர் விங், மைதானத்தின் ஓரத்தில் ஓடுபவர். ட்ரை வைப்பதுதான் அவருடைய வேலையே. எட்வர்ட்ஸ் ஸ்க்ரம்-ஹாஃப். ஸ்க்ரம் என்பது இரு அணி முன்கள வீரர்களும் குனிந்து முட்டித் தள்ளும் கூட்டம். அதன் காலடியில் கிடக்கும் பந்தை எடுத்து, பின்னால் தள்ளி நின்று ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃபிடம் சேர்ப்பவர் அவர். அவரைப் பாஸை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

பந்து வெளியே வந்ததும், எதிரணியில் ஸ்க்ரமின் ஓரத்தில் இருக்கும் ஃப்ளாங்கர் ஃப்ளை-ஹாஃபைக் குறிவைத்துப் பாய்வார். பாஸ் குட்டையானால் பந்தும் ஃப்ளாங்கரும் ஒன்றாக வந்து சேர்வார்கள். எட்வர்ட்ஸின் பாஸ் நீளம். அதனால் வேல்ஸின் ஃப்ளை-ஹாஃப் பாரி ஜானும், ஜான் 1972இல் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு வந்த ஃபில் பென்னட்டும் நன்றாகத் தள்ளி நின்றார்கள். உதைப்பதா ஓடுவதா என்று நிமிர்ந்து பார்த்து முடிவெடுக்க அவகாசம் கிடைத்தது.

இடப்பக்கம் சுழற்றி எறிவதானால் வலது கால் பந்தை ஒட்டி இருக்க வேண்டும், இடது கால் பந்து போகும் திசையில். வலது கை பந்தின் பின்பாதியைப் பிடித்துச் சுழற்றும். இடது கை வழிகாட்ட மட்டும். தரையிலிருந்தே ஒரே வீச்சு. பந்து தன் நீளவாக்கில் சுழன்றால் மூக்கு நேராக நிற்கும், காற்றை எளிதாகக் கிழித்துப் போகும். பலர் பந்தை இடுப்புவரை தூக்கிவிட்டுத்தான் எறிவார்கள். அந்த நொடியில் ஃப்ளாங்கர் வந்துவிடுவார். மூக்கு கோணினால் பந்து தள்ளாடும், பிடிப்பவர் தவறவிடுவார். இத்தனையும் மழையில் ஊறிக் கனத்து வழுக்கும் தோல் பந்தில்!

ட்ரைதான் வேண்டுமென்றால் 1972இல் கார்டிஃபில் ஸ்காட்லாந்துக்கு எதிராக வைத்ததைப் பாருங்கள். தன் பாதியிலிருந்து ஓடி, கடைசித் தடுப்பாளரின் தலைக்கு மேல் பந்தை உதைத்து, மறுபடி உதைத்துத் துரத்தி, மூலையில் பாய்ந்து அமுக்கினார். எழுந்தபோது முகமெல்லாம் செம்மண் சேறு.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது வேறு. க்வான்-கே-குர்வென் ஊரின் சுரங்கத் தொழிலாளி மகன், 19 வயதில், 1967 ஏப்ரலில் பாரிஸில் தொடங்கி 1978 மார்ச் வரை 53 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக ஆடினார். 20 வயதிலேயே கேப்டன். ஃப்ளாங்கர்கள் ஓயாமல் மோதும் இடத்தில், சம்பளமில்லாத அமெச்சூர் காலத்தில், அந்த 11 ஆண்டுகளில் அவர் இல்லாமல் வேல்ஸ் ஒரு அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம்கூட ஆடவில்லை.