பேர் மறந்த படம், பொருந்தாத சப்டைட்டில்: கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கும்

கேள்வி: சார், சின்ன வயசில் பார்த்த படம், பேர் ஞாபகம் இல்லை. "பேய்ப் படம், பெரிய பங்களா, கடைசியில் எல்லாரும் செத்துப்போவாங்க, என்ன படம்?" என்று இணையக் குழுவில் கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பதில்: உலகத்துப் பேய்ப் படங்களில் பாதி அந்த வர்ணனைக்குள் அடங்கிவிடும், யார் என்ன சொல்வது? கதையைச் சுருக்கிச் சொல்லாதீர்கள். சுருக்கினால் எல்லாக் கதையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். படத்தைக் காட்டிக்கொடுப்பது ஓரத்தில் கிடக்கிற சங்கதிகள்.

முதலில், எந்த வருடம் பார்த்தீர்கள், எதில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். 1998-ல் டிவியில் பார்த்தது என்றால், அதற்குப் பிறகு வந்த படங்கள் அத்தனையும் ஒரே அடியில் கழிந்துவிடும். ஆனால் "1998-ல் வந்த படம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1975-ல் வந்த படத்தையும் 1998-ல் போட்டிருக்கலாமே! நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். அடுத்து மொழி. டப்பிங் மாதிரி இருந்ததா, உதடும் வசனமும் ஒட்டாமல் போனதா? கலரா, கறுப்பு வெள்ளையா? மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்ததா?

பிறகு ஒரே ஒரு காட்சி, கிட்டத்தில் போய். "ஒரு பொண்ணு கடிகாரத்தை ஏதோ பண்ணுவா" என்றால் பிரயோஜனமில்லை. "படிக்கட்டுக்குக் கீழே நிற்கிற ஆளுயரக் கடிகாரத்தின் முள்ளை ஒரு சிறுமி பின்பக்கமாகத் திருப்புவாள், திருப்பத் திருப்ப மாடியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்" என்று எழுதினால், படத்தைப் பார்த்தவர் படித்த மறுநொடி பேரைச் சொல்லிவிடுவார்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் "உறுதி", "அநேகமாக", "சந்தேகம்" என்று குறித்துவிடுங்கள். ஞாபகம் இரண்டு படங்களைக் குழைத்து ஒன்றாக்கும். அடித்துச் சொன்ன ஒரு தப்பான தகவல், சரியான விடையை வைத்திருப்பவரையே "அப்போ இது இல்லை போல" என்று ஒதுங்க வைத்துவிடும்.

கேள்வி: ஏற்கெனவே தேடிப் பார்த்ததையும் சொல்லணுமா?

பதில்: கட்டாயம். எந்தப் படங்களைப் பார்த்து "இல்லை" என்று முடிவு செய்தீர்கள், ஏன் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் முதல் பத்துப் பதிலும் அதே படங்களாகத்தான் வரும்.

கேள்வி: அண்ணே, சப்டைட்டில் கேட்டால் தருகிறார்கள், ஆனால் போட்டால் பொருந்தவே மாட்டேன் என்கிறது. கேட்கும்போதே என்னென்ன சொல்லணும்?

பதில்: படத்தின் மூலமொழிப் பேர், வருடம், இயக்குநர். ஒரே பேரில் வேறு வேறு படங்கள் உண்டு தம்பி. "சோலாரிஸ்" என்றால் 1972-ல் தார்க்கோவ்ஸ்கி எடுத்ததா, 2002-ல் சோடர்பெர்க் எடுத்ததா? வருடம் இல்லாமல் கேட்டால் எதிராளி ஊகித்துத்தான் தருவார்.

அடுத்தது எந்தப் பதிப்பு என்பது. "அபோகலிப்ஸ் நவ்" 1979-ல் வந்தது. 2001-ல் வந்த ரிடக்ஸ் பதிப்பில் 49 நிமிடம் கூடுதல். ஒன்றுக்குச் செய்த சப்டைட்டில் இன்னொன்றில் எப்படி உட்காரும்? அதனால் உங்களிடம் உள்ள படத்தின் நீளத்தை விநாடி வரைக்கும் கொடுங்கள். "இரண்டு மணி நேரம் சொச்சம்" போதாது.

கடைசியாக பிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை பிரேம் (படச்சட்டம்) ஓடுகிறது என்பது. விஎல்சி பிளேயரில் படத்தை ஓடவிட்டு கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்தினால் கோடெக் தகவல் திறக்கும், அதில் 23.976, 24, 25 என்று ஏதாவது இருக்கும். அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். தமிழ் கிடைக்காவிட்டால் ஆங்கிலம் போதுமா என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் ஒரு சுற்றுப் பேச்சு மிச்சம்.

கேள்வி: "சிங்க் ஆகலை" என்று சொன்னால் "எப்படி ஆகலை?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதில் என்ன எப்படி?

பதில்: மூன்று விதம் இருக்கிறது, மூன்றுக்கும் மருந்து வேறு. படத்தின் முதல் வசனத்தில் எத்தனை விநாடி பிசகுகிறது, கடைசி வசனத்தில் எத்தனை என்று அளந்து சொல்லுங்கள்.

இரண்டிலும் ஒரே அளவு என்றால் மொத்தமாக நகர்த்தினால் போதும், யாரையும் கேட்கவே வேண்டாம். விண்டோஸ் விஎல்சியில் ஜி, எச் விசைகள் ஒரு அழுத்தத்துக்கு 50 மில்லி விநாடி நகர்த்தும்.

போகப்போகப் பிசகு கூடுகிறது என்றால் பிரேம் ரேட் கோளாறு. விநாடிக்கு 24 பிரேம் உள்ள இரண்டு மணி நேரப் படத்தை 25-ல் ஓட்டினால் 115 நிமிடம் 12 விநாடியில் முடிந்துவிடும். 24-க்குச் செய்த சப்டைட்டில் கடைசியில் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் பிந்தி நிற்கும். நேரங்களை எல்லாம் 0.96-ஆல் பெருக்கினால் சரியாகும், சப்டைட்டில் எடிட்டர்கள் இதைத் தானாகவே செய்யும். 23.976-க்கும் 24-க்கும் நடுவிலோ இரண்டு மணி நேரத்துக்கு ஏழு விநாடிதான் வித்தியாசம். அதனால் ஆரம்பத்தில் கண்ணிலேயே படாது.

நடுவில் ஓர் இடம் வரை சரியாக இருந்து, அங்கிருந்து திடீரெனத் தாவினால், சப்டைட்டில் வேறு பதிப்புக்குச் செய்தது. இதை நகர்த்தி சரிசெய்ய முடியாது. தாவுகிற நிமிடத்தைச் சொல்லி, உங்கள் பதிப்புக்கானதைக் கேளுங்கள்.

கேள்வி: தமிழ் சப்டைட்டில் எழுத்தெல்லாம் கன்னாபின்னாவென்று வருகிறது. கோப்பு கெட்டதா?

பதில்: என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை, பிளேயரில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். தலையில் கோடும் கொண்டையும் வைத்த ஆங்கில எழுத்துகளாக வந்தால் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) உள்ள கோப்பைப் பிளேயர் வேறு குறியாக்கமாகப் படிக்கிறது, பிளேயர் அமைப்பில் மாற்றலாம். வரிசையாகக் கேள்விக்குறிகள், அதுவும் நோட்பேடில் திறந்தாலும் அப்படியே என்றால், யாரோ தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய குறியாக்கத்தில் சேமித்து எழுத்துகளை அழித்துவிட்டார்கள். அதை மீட்க வழியில்லை, புதுக் கோப்புதான் கேட்கவேண்டும். கேட்கும்போது திரையைப் படமெடுத்து இணைத்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: "நல்ல த்ரில்லர் சொல்லுங்க" என்றால் எல்லாரும் அதே பழைய பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள்.

பதில்: கேள்வி எப்படியோ பதிலும் அப்படி! பிடித்த மூன்று படம், ஒவ்வொன்றிலும் எது பிடித்தது என்று அரை வரி. கூடவே எல்லாரும் புகழ்ந்தும் உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. என்னைக் கேட்டால் அந்த நாலாவதுதான் ரசனையை அதிகம் காட்டும். குழந்தைகளோடு பார்ப்பதா, எவ்வளவு நேரம் இருக்கிறது, எந்த மொழி ஆகாது என்பதையும் சேருங்கள்.

கேள்வி: பதில் வரவில்லை என்றால் எத்தனை நாள் கழித்து மறுபடி கேட்கலாம்?

பதில்: ஒரு வாரமாவது விடுங்கள். அப்போதும் வெறுமனே "யாராவது?" என்று தட்டாமல், புதிதாக ஞாபகம் வந்த ஒரு தகவலோடு வாருங்கள். விவரம் தெரிந்தவரைத் தனிச்செய்தியில் பிடித்து உலுக்குவது வேண்டாம். வேறு இடத்திலும் கேட்டிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். அங்கே கிடைத்த விடைக்காக இங்கே ஒருவர் இரவெல்லாம் தேடுவது பாவம்.

கேள்வி: கிடைத்த பிறகு "கிடைச்சிடுச்சு, நன்றி" போதுமா?

பதில்: என்ன படம் என்று பேரையும் வருடத்தையும் எழுதுங்கள். சப்டைட்டிலை எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதையும். அதே கேள்வியோடு அடுத்து வருபவர் உங்கள் நன்றியை வைத்து என்ன செய்வார்?

கேள்வி: முடிவுக் காட்சி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்னால் ஸ்பாய்லர் ஆகாதா?

பதில்: தலைப்பில் வைக்காதீர்கள். "முடிவு மட்டும் நினைவில் உள்ள படம், உள்ளே ஸ்பாய்லர்" என்று தலைப்பிட்டு, காட்சியைக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கீழே எழுதுங்கள்.

கேள்வி: படத்தோட டவுன்லோட் லிங்க் கேட்கலாமா சார்?

பதில்: திருட்டுப் பிரதி என்றால் கூடாது. எந்த ஓடிடியில் இருக்கிறது, டிஸ்க் வந்திருக்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், உரிமை நாட்டுக்கு நாடு மாறும்.