பழைய இராணுவச் சேணத்துக்குச் சாமான் எங்கே?

கேள்வி: அம்மப்பா வைத்திருந்த பிரித்தானிய இராணுவக் குதிரைச் சேணம் ஒன்று வீட்டில் கிடக்கிறது. தையல் விட்டு, தோலும் வெடித்துவிட்டது. திருத்துவதற்குச் சாமான் எங்கே எடுக்கலாம்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: முதலில் தோலை விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் தூள் ஒட்டினால் அந்தத் துண்டு முடிந்த கதை, எவ்வளவு எண்ணெய் பூசினாலும் சரிவராது, மாற்றத்தான் வேண்டும். வார்களுக்குத் தடித்த தோல், அதுவும் மரப்பட்டையில் பதனிட்டதுதான் வேண்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் இழுபடும், பழசோடு சேரவும் சேராது. கான்பூரில் சேண வேலை இன்றும் நடக்கிறது, இந்தியாவுக்குப் போய்வருகிற யாரிடமாவது சொல்லி எடுப்பியுங்கள். உள்பக்கத்து மெல்லிய தோலுக்குத் திண்டுக்கல், திருச்சிப் பக்கத்தில் மரப்பட்டையில் பதனிட்ட தோல் போதும். நைலோன் நூல் மட்டும் வேண்டவே வேண்டாம், பழைய தோலை அறுத்துவிடும். லினன் நூலில் தேன்மெழுகு தேய்த்து, நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, பழைய துளைகளிலேயே தையுங்கள். தேங்காயெண்ணெய் பூசச் சொல்லுகிற ஆட்கள் வருவார்கள் (ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து), கேட்காதீர்கள். அம்பு முத்திரையோ (பிரித்தானிய அரச உடைமை என்பதற்கான அடையாளம்) ஆண்டோ பதிந்த துண்டு உக்கிப்போயிருந்தாலும் எறியாமல் எடுத்து வையுங்கள், சேகரிப்பவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.