அடிமனை யாருடையது என்று முதலில் கேளுங்கள்

வீடு, மனை, பத்திரம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்குக் கும்பகோணத்தில் நெடுங்காலமாகப் பத்திர எழுத்தராக இருக்கும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. சாரங்கபாணி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில், திண்ணையும் முற்றமுமாகப் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. சிறு வயதில் பாழடைந்து கிடந்த தெரு அது. இப்போது வெளியூர்க்காரர்கள் வாங்கி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். முன்கட்டில் நாங்கள் இருந்துகொண்டு, பின்கட்டை நவக்கிரக யாத்திரை வருகிறவர்களுக்கு விடலாம் என்று எண்ணம். “மாமாங்கத்துக்குள் விலை இரட்டிப்பாகிவிடும், இந்த வாரமே அட்வான்ஸ் கொடுங்கள்” என்கிறார் தரகர். என்ன செய்யட்டும்? – ஒரு வாசகி, மஸ்கட்

பதில்: அட்வான்ஸ் இந்த வாரம் வேண்டாம் அம்மா. மகாமகம் 2028-இல் வருகிறது. அதற்குள் விற்றாக வேண்டும் என்ற அவசரம் தரகருக்கு இருக்கலாம், உங்களுக்கு இல்லை.

முதலில் அடிமனை யாருடையது என்று பாருங்கள். கும்பகோணத்திலும் ஸ்ரீரங்கத்திலும் கோயிலை ஒட்டிய தெருக்களில் சுவரும் கூரையும் ஒரு குடும்பத்துக்கு, தரை கோயிலுக்கோ மடத்துக்கோ என்று இருப்பது சாதாரணம். தலைமுறை தலைமுறையாகத் தரை வாடகை கட்டி வந்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டை விற்கும்போது பழைய பத்திரங்களில் “அடிமனை நீங்கலாக, மேல்கட்டடம் மட்டும்” என்று எழுதுவது வழக்கம். 1950-களில் எழுதிய பத்திரத்தில் இந்த வாசகம் இருக்கும். அதற்கடுத்த பத்திரத்தில் “அடிமனை நீங்கலாக” மட்டும் காணாமல் போயிருக்கும். மூன்றாவது பத்திரத்தில் மனையும் கட்டடமும் சேர்த்தே விற்றதாக இருக்கும். என் மேசைக்கு வந்த கட்டுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பத்திரத்தை மட்டும் படித்தால் எல்லாம் சுத்தமாகவே தெரியும். அதனால் மூலப் பத்திரம் வரை பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும். ஜெராக்ஸைப் படித்துத் திருப்தி அடைய வேண்டாம், பதிவு அலுவலகத்தில் நகல் மனுப் போட்டு வாங்குங்கள்.

அப்புறம் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள். வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர நில அளவை எண்) என்று இருக்கும். உரிமையாளர் பத்தியில் கோயில் பெயரோ மடத்தின் பெயரோ இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவை வைத்துச் சார்பதிவாளரும் அந்தச் சர்வே எண்ணில் பத்திரம் போடமாட்டார். “இப்போது கட்டடத்தை வாங்குங்கள், அப்புறம் கோயிலில் கேட்டு அடிமனையையும் வாங்கிக்கொள்ளலாம்” என்று சொல்வார்கள். பிறர் மனையில் வீடு கட்டிக்கொண்டவர் அந்த மனையை விலைக்குக் கேட்பதற்கு 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது உண்மைதான். கோயில், மட நிலங்களுக்கு அந்த வழியை 1996-இல் அடைத்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் யார் பேச்சையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அடிமனை சொந்தம்தான் என்று உறுதியான பிறகு வீட்டுக்குள் போங்கள், அதுவும் மழை நாளில் போங்கள். ஐப்பசியில் ஒருமுறை பார்த்தால் கோடையில் பத்து முறை பார்த்ததைவிட அதிகம் தெரியும். முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது, தெருச் சாக்கடை எதிர்த்து வருகிறதா, ஓட்டுக்கு அடியில் கைமரத்தில் கரையான் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தெருக்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே பெரும்பாலும் ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டு உத்தரத்தின் முனை உங்கள் கூடத்துச் சுவருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் பங்குச் சுவரை இடித்துத் தூண் எழுப்புகிறேன் என்று ஆரம்பித்தால் அவர் கூரை இறங்கும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் “பொதுச்சுவர்” என்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

கொல்லைக் கிணற்றையும் எட்டிப் பாருங்கள். நடுவில் சுவர் எழுப்பி இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம் என்று இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறுகள் இங்கே நிறைய உண்டு. “கிணற்றில் சரிபாதி பாத்தியமும் மாமூல் நடைபாத்தியமும்” என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். கிணற்றில் பாதி உரிமை, வழக்கமான வழியில் நடந்து போய்வர உரிமை என்று அர்த்தம். அந்த வரியைப் படிக்காமல் வாங்கி, கிணற்றைத் தூர்த்துக் குளியலறை கட்டப் போய்ப் பக்கத்து வீட்டோடு வருஷக்கணக்கில் வழக்காடுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

விற்பவர் தரப்பில் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளை தனக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்துப் போடப் பவர் பத்திரம் அனுப்பினால், அது அந்த ஊர் இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்று பெற்று வர வேண்டும், இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். செலவைப் பொறுத்தவரை, கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குகிற உங்களுடையது. விலை 50 லட்சத்துக்குக் குறைந்தால் வரி பிடிக்க வேண்டாம் என்ற சலுகை அங்கே பொருந்தாது. ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.

யாத்திரைக்காரர்களுக்கு விடுவது பற்றி. அதற்கு மாநகராட்சி, மின்வாரியம், சுற்றுலாத் துறை என்று தனியாக அலைய வேண்டியிருக்கும். அது முடிகிற காரியம்தான். நான் கேட்க நினைப்பது வேறு. அந்தப் பின்கட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தத் தெருக்களில் பின்கட்டு காலியாக இருப்பது அபூர்வம். ஒரு சமையற்காரர், ஒரு இஸ்திரி வண்டிக்காரர், ஒரு தவில்காரர் என்று யாராவது ஒண்டுக்குடித்தனம் இருப்பார்கள். சட்டப்படியும் இது முக்கியம். வீட்டில் இருப்பவருக்கு என்ன பாத்தியம் இருக்கிறதோ, அது வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே சொத்துரிமை மாற்றச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நேரில் போய், அவர்களையும் பார்த்துப் பேசி, முடிந்தால் அவர்களை வைத்துக்கொண்டே குடிவர முடியுமா என்று யோசியுங்கள். நீங்கள் ஆசைப்படுகிற தெரு அவர்களால்தான் தெருவாக இருக்கிறது. சித்திரைத் தேருக்கு வாசலில் நின்று கற்பூரம் காட்ட ஆள் இல்லாமல், கதவுக்குக் கதவு வாடகை அறைகளாக ஆகிவிட்டால் அந்தத் தெருவை எந்தப் பணம் கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. நான் அங்கேயே வளர்ந்தவன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: கோயில் வாசலில் பூ கட்டி விற்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எழுத்துப்பூர்வமாக எதுவும் கிடையாது. பழைய ஐயா மாதாமாதம் கையில் வாங்கிக்கொள்வார். வீட்டைச் சென்னைக்காரர் வாங்கிவிட்டார். ஒரு மாதத்தில் காலி செய்யாவிட்டால் கரண்டை நிறுத்திவிடுவேன் என்கிறார். – பெயர் வேண்டாம் என்ற வாசகி, கும்பகோணம்

பதில்: கரண்டையோ தண்ணீரையோ அவர் நிறுத்த முடியாது அம்மா. 22-2-2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். பூட்டுப் போட்டோ சாமானை வெளியே வைத்தோ காலி செய்ய வைக்கவும் முடியாது. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும்.

ஆனால் உங்களுக்குப் பொய்யான தைரியம் கொடுக்க எனக்கு மனசில்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைதாரருக்குக் கொடுத்த பிடிமானம் புதிய சட்டத்தில் இல்லை. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி அவர் காலி செய்யக் கேட்கலாம். ஆகவே வழக்கில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவகாசம்தான். அந்த அவகாசத்தைப் பேரமாக்குங்கள். பிள்ளைகளின் பள்ளி வருஷம் முடிகிற வரை நேரம், வண்டிச் செலவு, பக்கத்திலேயே வேறு இடம் பார்க்க ஒரு தொகை என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகையை நிறுத்தாதீர்கள். அவர் வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பி ரசீதை வையுங்கள். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று என்று அந்த முகவரி இருக்கிற எல்லாத் தாளையும் ஒரு பையில் போடுங்கள். கோர்ட் வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தயங்காமல் போங்கள்.

வாங்கியவர் இதைப் படித்தால் அவருக்கும் சொல்கிறேன், ஐயா. விடியற்காலைப் பூஜைக்குப் பூ கொடுக்கிறவர் பைபாஸுக்கு அந்தப் பக்கம் குடிபோனால் முதல் பஸ் வருவதற்குள் நடை திறந்துவிடும். அவர் பிழைப்பே போகும். நாலு மாதம் பொறுத்தால் உங்களுக்குக் குறைந்துவிடாது.

கேள்வி: தாராசுரம் கோயிலுக்கு எதிரே இரண்டு வீடு தள்ளிப் பழைய நெசவாளர் வீடு வாங்கி, இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டலாமா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: முடியாது. ஐராவதேசுவரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்புறம் 200 மீட்டருக்குத் தேசிய நினைவுச்சின்ன ஆணைய அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். 100 மீட்டருக்குள் இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி உண்டு, ஆனால் அதையும் முன்கூட்டியே வாங்க வேண்டும். தறிக்குழியோடு இருக்கிற அந்த வீட்டை அப்படியே செப்பனிட்டு இருக்க மனமிருந்தால் வாங்குங்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் பக்கம் மனை பார்க்கிறவர்களுக்கும் இதே விதிதான்.

கேள்வி: மயிலாடுதுறையில் அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு. உயில் இல்லை. நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். தங்கைகளுக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவர்கள் கையெழுத்து அவசியமா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: அவசியம். சீருக்கும் பங்குக்கும் சம்பந்தமில்லை. உயில் எழுதாமல் காலமான இந்து ஒருவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, பிள்ளைகள், பெண்கள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் உண்டு. 1956-லிருந்து இதுதான் சட்டம். தங்கைகள் மனமார விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் அதற்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் வீடு இவ்வளவுக்குப் போகிறது என்ற தொகையை அவர்களிடம் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துக் கேளுங்கள்.